வேலிக்கு அந்தப் பக்கம் போன தண்ணீர்

போன சனிக்கிழமை கூலாய் டவுனில் ஒரு ஹார்ட்வேர் கடைக்குக் குழாய் வாஷர் வாங்கப் போனேன். டப்பாவைக் கிளறிய கையில் கறுப்பு ரப்பர் அடைப்பான் ஒன்று சங்கிலியோடு அகப்பட்டது. குளியல் தொட்டியின் ஓட்டையை அடைப்பதற்கு உள்ளது. என்னை அறியாமல் அதை மோந்து பார்த்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். புது ரப்பர் வாசனைதான் வந்திருக்க வேண்டும். எனக்கு வாத்து வாசனை வந்தது.

என்னிடம் ஒரு காலத்தில் குளியல் தொட்டி இருந்தது. பெரிய பணக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். ஏதோ ஓட்டலை இடித்தபோது பழைய சாமான் கடைக்கு வந்து சேர்ந்த தொட்டி. நான் அதில் ஒருநாளும் குளித்ததில்லை. என் வாத்துகள் குளித்தன.

லாயாங் லாயாங்கில் ஒரு சீனப் பெரியவரிடம் வாங்கிய பதினொரு குஞ்சுகள் அவை. பிஸ்கட் பெட்டியில் வைத்து ரயிலில் கொண்டுவந்தேன். அவை கத்தும்போதெல்லாம் நான் இருமினேன். எதிரே இருந்த அம்மா பாவப்பட்டு இருமல் மிட்டாய் கொடுத்தார். வாங்கித் தின்றுவிட்டு மேலும் இருமினேன்.

முதலில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்தேன். குடித்தன, ஆனால் வளர வளரக் கண்ணோரம் பீளை கட்டியது. மறுபடி போய்ப் பெரியவரிடம் கேட்டேன். வாத்துக்குத் தலை முழுக்க முங்க வேண்டும், அப்போதுதான் மூக்கும் கண்ணும் சுத்தமாகும் என்றார். அதற்காகத்தான் தொட்டி. கொல்லையில் பாதி புதைத்து, ஏறி இறங்க உள்ளேயும் வெளியேயும் செங்கல் அடுக்கினேன். இரண்டே நாளில் கண்கள் பளிச்சென்று ஆகிவிட்டன.

ஒரே தொல்லை, மாலைக்குள் தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். தினமும் மாற்ற வேண்டும். அழுக்குத் தண்ணீரை வாளியில் மொண்டு அல்லூர்ச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்த என்னை, பக்கத்து வீட்டு ராணியக்கா வேலிக்கு மேலே தலை நீட்டிப் பார்த்தார்.

“தம்பி, அத ஏன் வீணா அல்லூர்ல ஊத்துற? என் கத்திரிக்கு விடு லா.”

அவர் கொல்லை சற்றுத் தாழ்வு. தொட்டியின் ஓட்டையில் குழாயைப் பொருத்தி, வேலிக்கு அடியில் விட்டு, கத்திரிப் பாத்தி வரை கொண்டுபோனோம். தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு நான் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் செங்கல்லால் தொட்டியை இரண்டு தட்டு தட்டுவேன். அந்தப் பக்கத்திலிருந்து “விடுப்பா” என்று குரல் வரும். அடைப்பானை இழுப்பேன்.

“ஒன் வாத்து என்னத்தத்தான் திங்குதோ. கத்திரிக்கா என் மருமகன் தலையாட்டம் வருது.”

“நல்லாத்தானேக்கா இருக்கு.”

“கத்திரிக்காதான் நல்லாருக்கு.”

நான் தொழிற்சாலையில் லீவு கேட்பதைக்கூடத் தாளில் எழுதி நீட்டுகிற ஆள். வேலை முடிந்து வந்தபின் நான் வாய் திறந்து பேசியது அந்த வேலியோரத்தில் மட்டும்தான். தொட்டி காலியாகும் வரை, ஏறக்குறைய கால் மணி நேரம்.

ஒரு வாத்து அடைக்கு உட்கார்ந்தது. இருட்டு வேண்டுமே என்று, புழங்காத பின்பக்கக் குளியலறையில் வைக்கோல் போட்டு வைத்தேன். ஐந்து முட்டை. காலண்டரில் நாளைக் கோடு போட்டு வந்தேன். அக்காவை மட்டும் கூப்பிட்டுக் காட்டினேன். கதவை ஒருக்களித்து எட்டிப் பார்த்தவர், “பிள்ளத்தாச்சி மாதிரில்ல உக்காந்திருக்கா” என்று ரகசியமாகச் சொன்னார்.

அடுத்த வாரம் நகராண்மைக்கழகத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். மரியாதையான பையன். வாத்து நாற்றம் என்று புகார் வந்திருப்பதாகச் சொல்லி, கொல்லையில் நின்ற பத்தையும் எண்ணினார். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, “பிலேக் ஆயேர் பெலாக்காங் பூன் அட சத்து, பாங்?” என்றார். பின்பக்கக் குளியலறையிலும் ஒன்று இருக்கிறதா, அண்ணே?

அந்தத் தாளில் பெயர் எதுவும் இல்லை என்றார். எனக்குப் பெயர் தேவைப்படவில்லை.

வாத்துகளை அகற்ற மூன்று நாள் தவணை கொடுத்தார். முட்டை பொரிய இன்னும் ஒன்பது நாள். அதைக் கேட்க மலாய் வார்த்தைகள் தொண்டை வரை வந்தன. வாயில் வந்தது “போலே, போலே” மட்டும்தான். முடியும், முடியும் என்று தலையை வேறு ஆட்டினேன்.

அன்றைக்கும் ஐந்தரைக்குத் தொட்டியைத் தட்டினேன்.

“விடுப்பா.”

அதே குரல், ஒரு பிசிறு இல்லை. அடைப்பானை இழுத்தேன். நீங்கள் சிரிப்பீர்கள், அந்த மூன்று நாளும் தண்ணீர் விட்டேன். மூன்றாம் நாள் பதினொன்றையும் லாயாங் லாயாங்குக்கே கொண்டுபோய்விட்டேன். முட்டையையும் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். இடம் மாறிய வாத்து திரும்ப அடைக்கு உட்காரவில்லை.

இரண்டு வாரத்தில் ராணியக்கா வீட்டு வாசலில் ‘விற்பனைக்கு’ பலகை தொங்கியது. சாஆ என்ற ஊரில் இருக்கும் மகளோடு போய் இருக்கப் போகிறாராம். வீடு பார்க்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்தக் கூடாது அல்லவா. “தம்பி, வீடு விக்கணும், வாத்த கொண்டுபோய் விட்டுரு” என்று வேலியோரம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாளே கொண்டுபோயிருப்பேன். இல்லை, ஒன்பது நாள் கேட்டிருப்பேன். அக்காவிடம் கேட்க எனக்குக் கூச்சம் இருந்ததில்லை.

லாரியில் சாமான் ஏறிய அன்று, பெயிண்ட் டின்னில் பெயர்த்து வைத்த ஒரு கத்திரிச் செடியோடு என் வாசலுக்கு வந்தார்.

“இப்பல்லாம் காய்க்கவே மாட்டுது தம்பி. வாத்துத் தண்ணி இல்ல பாரு. எந்தப் பாவி எழுதிப் போட்டானோ.”

அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்தார்.

“ஆமாக்கா” என்றேன்.

புதிதாக வந்தவர்கள் வேலியை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பினார்கள். தொட்டியைப் பழைய இரும்பு லாரிக்காரன் கொண்டுபோனான். குழியை மூடிச் சிமெண்டு போட்டாகிவிட்டது. சுவரடியில் குழாய் மட்டும் இந்தப் பக்கம் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஐந்தரை மணிவாக்கில் அந்தப் பக்கம் கார் வந்து நிற்கும், கதவு சாத்தும் சத்தம் கேட்கும். குடிவந்து நான்கு வருஷம் ஆகிறது. அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. என் பெயரையும் நான் சொல்லவில்லை.