வாசுகி மேடமும் இரண்டு ஃபிளாஸ்க்கும்

வாசுகி மேடம் காலமாகிவிட்டார் என்று பழைய ஆபீஸ் மஞ்சுநாத் போன் செய்தபோது, ஜீவனஹள்ளி முதியோர் எழுத்தறிவு வகுப்பில் ‘சர்வர்’ என்று எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரிடம் காட்டத்தான்.

ஆஸ்டின் டவுன் ஆபீஸில் எங்களோடு இருந்தவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பல கம்பெனிகளின் இணையதளங்கள் ஓடிய லினக்ஸ் சர்வர் கம்ப்யூட்டர் அவர் பொறுப்பு. காபி என் பொறுப்பு.

முதலாளிக்குச் சர்க்கரை நோய் வந்ததும் ஃபிளாஸ்க் காபி முழுவதையும் சர்க்கரை இல்லாமல் போட்டேன். ஆபீஸே முகம் சுளித்தது. மேடம் மட்டும் சிரித்தார். “ஏழுமலை அண்ணா, சாருக்கு சுகர்னா எங்களுக்கு எதுக்கு பத்தியம்? இன்னொரு ஃபிளாஸ்க் வையுங்க.”

தீபாவளிக்கு முன்பு ஒரு காலை, பஸ் டிக்கெட் விற்கும் தளம் நின்றுபோனது. முதலாளி கத்தினார்: “எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா போடுங்க. மத்தியானத்துக்குள்ள வரலேன்னா நாளைக்கு நீங்க வரவேண்டாம்மா.”

“அழிச்சா ஓடுற தளமும் போயிடும் சார்” என்றார் மேடம்.

முதலாளி அந்தப் பக்கம் போனதும் மஞ்சுநாத் மெல்ல வந்தான். “மேடம், புது கஸ்டமருக்கு ஒரு லைப்ரரி வேணும்னு நேத்து நான்தான்...”

“பழசோட சேர்த்தியா, பழசையே மாத்தினியா?”

“மாத்திட்டேன் மேடம்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னம்மா ஆச்சு?” என்றேன்.

“உங்க காபி கதைதாண்ணா. லைப்ரரின்னா பல புரோகிராம் பொதுவா எடுத்துக்குற ஃபைல். பஸ் டிக்கெட்டுக்கு பழைய வெர்ஷன்தான் ஒத்துக்கும். இவன் எல்லாருக்கும் புதுசையே ஊத்திட்டான்.”

ஒவ்வொரு புரோகிராமும் எதைத் தேடுகிறது என்று திரையில் வரவழைத்துப் பார்த்தார். பத்திரமாக வைத்திருந்த நகலிலிருந்து பழைய ஃபைலை எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்தார். அதது தனக்கானதைப் போய் எடுத்துக்கொள்ள வழி செய்தார். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே டிக்கெட் தளத்தின் பஸ் படம் திரையில் வந்துவிட்டது.

“யாரோட வேலை இது?” என்றார் முதலாளி.

“ரெண்டு வெர்ஷன் மோதிக்கிச்சு சார். சரி பண்ணிட்டேன்.”

மஞ்சுநாத் என் காபி மேஜையோரம் வந்து அழுதான். பின்னாலேயே மேடமும் வந்தார். “புதுசு போட்டது தப்பில்ல மஞ்சு. பழசை நம்பி யாரு இருக்காங்கன்னு கேக்காம எடுத்தியே, அதுதான் தப்பு. அண்ணா, இவனுக்கு சர்க்கரை தூக்கலா ஒரு காபி குடுங்க.”

எழுதப் படிக்கத் தெரியாத எனக்கு, அன்றைக்குத் திரையில் வந்ததைப் படித்துக் காட்டினார். “ஒரு நாள் நீங்களே படிப்பீங்கண்ணா” என்றார். இப்போது படிக்கிறேன் மேடம். பஸ் பலகை படிக்கிறேன், மருந்துச் சீட்டைக்கூட எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். சந்தோஷம் தாங்கவில்லை. அதை நான் சொல்ல நினைத்த காதுதான் இல்லை.

இப்போது சர்க்கரை நோய் எனக்கு. நேற்று மருமகள் வீட்டுக்கே சர்க்கரை இல்லாத காபி போடப் போனாள். “எனக்கு சுகர்னா உங்களுக்கு எதுக்கும்மா பத்தியம்?” என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யார் பேச்சு என்று தெரிந்தது. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான். மருமகள் இரண்டு பாத்திரம் வைத்தாள்.