மேமுக்கு நான் எடுத்த இண்டர்வியூ

வருடத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் பெங்களூர்க் கல்லூரி எங்களைத் திரும்ப அழைக்கும். படித்து முடித்து வேலைக்குப் போன பழைய மாணவர்கள் நாங்கள் போய், கடைசி வருடப் பிள்ளைகளுக்கு மாதிரி இண்டர்வியூ எடுக்க வேண்டும். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால்கூட சாக்குச் சொல்லும் என் வகுப்புத் தோழர்கள் இதற்கு மட்டும் தவறாமல் வந்துவிடுவார்கள். கேள்வி கேட்கும் நாற்காலியில் உட்காருவதில் அப்படியொரு சுகம். எனக்கும்தான்.

எங்களைத் திரட்டுவது எலக்ட்ரானிக்ஸ் மேம். படிக்கிற காலத்தில் வைவாவில் என்னை அழவைத்தவர். "வரலைன்னா உன் ஆபீசுக்கே வந்துருவேன்" என்று வருடாவருடம் போனில் மிரட்டுவார். போன முறை மட்டும் குரல் தணிந்திருந்தது. "இந்த மாசத்தோட ரிட்டயர் ஆறேம்மா. ஃபங்ஷன் கிங்ஷன்னு ஒண்ணும் வேணாம். இண்டர்வியூவுக்கு வந்தா போதும்."

ஜோகுபாளையத்து வீட்டில் மேம் தனியாகத்தான் இருந்தார். வீடு அவருக்குத் தூங்கிவிட்டுப் போகிற இடம், அவ்வளவுதான். இனி இவர் என்ன செய்வார் என்று எனக்குக் கவலையாக இருந்தது. கேட்கத்தான் தைரியம் இல்லை.

அந்தச் சனிக்கிழமை அடுகோடி டிராஃபிக்கில் மாட்டித் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். பிள்ளைகள் எங்கள் உயிரை வாங்கினார்கள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் போதும், எல்லாரும் ஒரே பதிலை ஒப்பித்தார்கள். எல்லாருமே கடின உழைப்பாளிகள், எல்லாருக்குமே பொழுதுபோக்கு புத்தகம் வாசிப்பது. மதியத்துக்குள் மேமுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு பையனை எழுப்பிவிட்டு அவன் நாற்காலியில் தானே உட்கார்ந்தார்.

"எப்படிப் பேசணும்னு காட்டறேன். நீ கேளும்மா" என்றார் என்னிடம்.

விடுவேனா? பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்றுகொண்டார்கள். "ரெஸ்யூமே எங்க மேடம்?" என்றேன்.

"கொண்டு வரல."

"ரெக்கார்ட் நோட் கொண்டு வராதவங்கள நீங்க வெளிய நிக்க வெப்பீங்களே?"

அறையே சிரித்தது. "அது கிளாஸ். இது சும்னே!" என்று கன்னடத்துச் 'சும்மா'வைச் சொல்லி மேமும் சிரித்தார். ஆங்கிலத்தில் நடக்க வேண்டிய இண்டர்வியூ தமிழிலேயே ஓடிக்கொண்டிருந்தது. கன்னடப் பிள்ளைகளுக்கும் புரியாமல் இல்லை.

"இருக்கிற வேலைய ஏன் விடறீங்க?"

"நான் எங்க விடறேன்? வயசாயிடுச்சுன்னு அவங்க அனுப்பறாங்க."

மறுபடி சிரிப்பு. அந்த உற்சாகத்தில், இத்தனை நாள் கேட்கப் பயந்ததை வழக்கமான அடுத்த கேள்வியாகக் கேட்டுவிட்டேன். "இதுக்கப்புறம் என்ன பண்றதா இருக்கீங்க?"

மேம் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"தெரியலம்மா. காலைல குளிச்சு ரெடியாயிட்டு எங்க போறதுன்னு நிஜமாவே தெரியல."

யாரும் சிரிக்கவில்லை. கேள்வி கேட்டவள் ஏதாவது சொல்லியாக வேண்டுமே. "உங்கள செலக்ட் பண்ணிட்டோம் மேடம்" என்றேன். "எங்க கோஷ்டியில சேர்ந்துக்குங்க. அடுத்த வருஷம் எங்க பக்கம் உக்காந்து நீங்க கேள்வி கேளுங்க. சம்பளம் கிடையாது, டீ உண்டு."

மேம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வருஷத்துல ஒரு நாள் வேலை. மிச்ச நாளெல்லாம்?"

பின்னாலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள். "திங்கக்கிழமை நாங்க உங்க வீட்டுக்கு வரோம் மேம். எங்க ப்ராஜெக்ட் ஓடவே மாட்டேங்குது."

"செவ்வாய் எங்க பேட்ச்" என்றான் எழுப்பிவிடப்பட்ட பையன். ஹாஸ்டல் பிள்ளைகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து புதன்கிழமைக்குச் சண்டை போட்டார்கள். இவ்வளவு நேரம் ஒப்பித்த வாய்களா இவை என்று வியந்துபோனேன். வியாழனும் வெள்ளியும் போவதற்குள் முந்திக்கொண்டு, சனிக்கிழமை எனக்கு என்றேன்.

மேம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் எல்லாரையும் பார்த்து ஒரு அதட்டல் போட்டார்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு வேணும்!"