மாப்பிள்ளையின் கேம் ரூம்

வேல்பாண்டி என் தங்கை அனுசுயாவின் வீட்டுக்காரர். தங்கை புருஷன் என்பதால் நேரில் 'மாப்ள' என்று கூப்பிடுவேன். இங்கேயும் மரியாதை விகுதி போட்டே எழுதுகிறேன். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஓடைப்பட்டியில் அவருக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. அப்பா வைத்துவிட்டுப் போன கமிஷன் கடையும் இருக்கிறது. பன்னீர் திராட்சையைப் பெட்டி போட்டுக் குமுளி வழியாகக் கேரளாவுக்கு ஏற்றி அனுப்புவார். தொழிலில் ஆள் கெட்டி. ஒரு பழத்தைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தால், அது கோட்டயம் வரை தாங்குமா, வண்டிப்பெரியாறு தாண்டுவதற்குள் ஒழுகிவிடுமா என்று சொல்லிவிடுவார். அந்தக் கெட்டிக்காரத்தனம் எல்லாம் கடையோடு சரி. வீட்டுப்படி ஏறிவிட்டால் அவருக்கு ஒரே நோக்கம்தான். வருகிறவன் வாயைப் பிளக்க வேண்டும்.

வாங்கிய பொருளை அவர் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. நின்ற இடத்திலேயே ஓடுகிற மெஷின் ஒன்று வாங்கினார். பக்கத்துத் தோட்டத்துக்குக்கூட பைக்கில் போகிறவர் அவர். வந்தவர்களுக்கு அந்தப் பட்டையைச் சும்மா ஓட விட்டுக் காட்டுவார், தான் ஏற மாட்டார். இன்றைக்கு அதில் துணி காய்கிறது. காபி மெஷின் ஒன்று ஷோகேஸில் உறைகூடப் பிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறது. அதன் பெருமையை அவர் விருந்தாளிகளுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போது அனுசுயா அடுப்பில் காபி போட்டு எடுத்துவருவாள்.

இப்படி இருந்தவர் கோட்டயத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார். அவரிடம் பழம் வாங்குகிற மொத்த வியாபாரி ஷீபா சேச்சி, அந்த ஊரில் பெரிய பழக்கடைக்காரி. அந்தம்மா வீட்டு மாடியில் அவர்கள் மகன் கேம் ரூம் வைத்திருக்கிறான். பெரிய டிவி, காதுக்கு மாட்டுவது, பட்டன் வைத்துக் கையில் பிடிப்பது, சுவரோரம் வண்ண விளக்கு. மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து வாயைத் திறந்தால், மலையாளத்தான் பிரமாதம் என்பதற்குச் சொல்கிற 'அடிபொளி'தான்.

எனக்குச் சின்னமனூரில் எலக்ட்ரிக்கல் கடை. வயரிங் வேலையும் செய்வேன். ஒரு நாள் காலையில் கடை வாசலில் வந்து நின்றார்.

"மச்சான், மாடியில ஒரு கேம் ரூம் போடுறோம். தேனி ஜில்லாவுலயே இப்படி ஒண்ணு இருக்கக்கூடாது. நீங்கதேன் வயர் இழுக்கணும்."

"சரி மாப்ள. யாரு விளையாடப் போறாக?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் ஏதோ பாஷை தெரியாமல் பேசியது போல இருந்தது அந்தப் பார்வை.

"என்ன மச்சான் இப்படிக் கேக்குறீக? ரூம்பு போடுறோம்னு சொல்றேன், யாரு விளையாடுறதுங்கறீக!"

அந்த வீட்டு மாடியில் இருப்பது ஒரே அறை. கிழக்கே ஒரு ஜன்னல், வடக்கே ஒரு ஜன்னல். திராட்சைப் பந்தலைத் தாண்டி மலை வரைக்கும் தெரியும். அங்கேதான் அனுசுயா தையல் மெஷின் போட்டிருந்தாள். கல்யாணச் சட்டைகளுக்கு ஆரி வேலைப்பாடு செய்வதில் அவள் கை பேர் பெற்றது. மார்க்கையன்கோட்டையிலிருந்துகூட ஆட்கள் துணி கொண்டுவருவார்கள். அந்த வேலைக்கு முதலில் வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் இருந்த அறை அது ஒன்றுதான்.

"நீ கீழ ஸ்டோர் ரூமுல போட்டுக்கயேன். காத்து இல்லாட்டி ஃபேன் மாட்டிக்கலாம்" என்றார் மாப்பிள்ளை.

ஸ்டோர் ரூமில் பந்தலுக்கு அடிக்கிற மருந்தும் மயில்துத்த மூட்டைகளும் கிடந்தன. அனுசுயா மெஷின் மேல் கிடந்த துணியை மடித்தபடியே சொன்னாள்.

"அந்த நாத்தத்துக்குள்ள வச்சுக் கல்யாணப் பொண்ணுக்குச் சட்டை தைக்க முடியாது. நான் பஸ் ஸ்டாப்புக்கிட்ட கடை புடிச்சுக்கிறேன்."

அவர் அதைச் சண்டையாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "அடிபொளி! நல்ல யோசனை" என்றார். எனக்கு அவர் பிடரியில் ஒன்று வைக்கலாமா என்று இருந்தது. அனுசுயா என் பக்கம் திரும்பி, "அண்ணே, எனக்கும் ரெண்டு லைட்டு, ஒரு பிளக்கு வச்சுக் குடுத்துரு" என்று மட்டும் கேட்டாள்.

அவளுடைய கடைக்கு வயர் இழுக்க எனக்கு ஒரு முற்பகல் போதுமானதாக இருந்தது. மாப்பிள்ளையின் அறைக்கோ நாள் கணக்கில் ஏணியில் நின்றேன். முதலில் பெயிண்டர் வந்து நான்கு சுவருக்கும் கறுப்பு அடித்தான். ஜன்னல் கண்ணாடிக்கும் கறுப்பு அடிக்கச் சொன்னபோது, "கண்ணாடிக்குமா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொட்டான். ஊரிலேயே நல்ல வெளிச்சமுள்ள அறையை இருட்டாக்கி, பிறகு அதற்குள் விளக்குப் போட்டோம். சீலிங் ஓரம் விளக்கு, மேஜைக்கு அடியில் விளக்கு, டிவிக்குப் பின்னால் விளக்கு, நாற்காலிக்குக் கீழேயும் விளக்கு. சிவப்பாகும், நீலமாகும், பாட்டுப் போட்டால் பாட்டுக்குத் தகுந்த மாதிரி துள்ளும்.

மதுரையிலிருந்து வேனில் சாமான் வந்தது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் மாடி ஏறுவதைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா ராமுத்தாய், "ஏலே, முடிவெட்டுற கடை வைக்கப் போறியா?" என்று கேட்டார். அத்தைக்கு வாய் அப்படி. சாமான்களோடு வந்த டெக்னீசியன் எல்லாவற்றையும் மாட்டி, எப்படி விளையாடுவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். மாப்பிள்ளை அத்தனைக்கும் தலையாட்டினார். அவர் உன்னிப்பாகக் கவனித்தது விளக்கு ரிமோட்டைப் பற்றிச் சொன்னதை மட்டும்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும், பக்கத்தில் நின்று ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தேன்.

அறை திறந்த அன்று தேங்காய் உடைத்தார்கள். அலமாரியில் கேம்களில் வருகிற வீரர்களின் பொம்மைகளை வரிசையாக வைத்திருந்தார். கோடாரி வைத்திருந்த மொட்டைத்தலைப் பொம்மைக்கு அத்தை சந்தனம் குங்குமம் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அது யார் என்று கேட்டவர்களுக்கு மாப்பிள்ளை, "இவன்தேன் மெயின் ஆளு" என்றார். பக்கத்துப் பொம்மையைக் காட்டிக் கேட்டவருக்கும் அதையேதான் சொன்னார்.

பிறகு ஆரம்பித்தது பாருங்கள் ஊர்வலம். பழம் போட வருகிற விவசாயி, லாரி டிரைவர், கூட்டுறவு வங்கிக்காரர், ஓட்டுக் கேட்டு வந்தவர், பத்திரிகை வைக்க வந்தவர் என்று யாரும் தப்பவில்லை. காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எதையும் தொடக்கூடாது. முதலில் இருட்டில் நிற்க வைப்பார். பிறகு ஒவ்வொரு விளக்காகப் போடுவார். எல்லாரும் 'ஆ' என்றதும் கதவைச் சாத்தி அழைத்துவந்துவிடுவார். பத்திரிகை கொடுக்க வந்த ஒரு வயசான மனிதர் அந்த நீல வெளிச்சத்தில் தலை சுற்றிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அதையும் மாப்பிள்ளை, "தாங்கிக்கிற முடியல மச்சான் அவராலே" என்று பெருமையாகத்தான் சொன்னார்.

அவர்கள் மகள் விஜி கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள், "அப்பா, ஒரே ஒரு ஆட்டம் ஆடிக்கிறேன்" என்று கேட்டாள். "கையெல்லாம் வேர்வையா இருக்கு பாரு, பட்டன் கெட்டுப் போகும். நீ பாத்துட்டு வா" என்றார். அந்தப் பிள்ளை கீழே வந்து கட்டிலில் படுத்துக்கொண்டு போனிலேயே விளையாடியது.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு வரும்படி ஷீபா சேச்சியை வருந்தி வருந்தி அழைத்தார். அழைத்தது அம்மனைப் பார்க்க அல்ல என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தம்மாவும் வந்தார். வியாபாரிகள் சங்கத் தலைவர் அய்யாத்துரையும் வந்திருந்தார். அந்த அறை ஏசி அடிக்கடி டிரிப் ஆகிறது என்று மாப்பிள்ளை என்னையும் கூப்பிட்டிருந்தார். கடை ஆட்கள், பக்கத்துத் தோட்டக்காரர்கள் என்று அறைக்குள் ஒரே நெரிசல். அத்தை சுவரைப் பிடித்துப் பிடித்து மாடியேறி வந்து, கதவோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கேம் ரூம் வைத்திருக்கிற வீட்டுக்காரம்மாவுக்கு விளக்கை மட்டும் காட்டினால் போதாதே. மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கையில் பிடிப்பதை எடுத்துக்கொண்டார். டிவியில் ஒரு சிவப்புக் கார் கடலோர ரோட்டில் பறந்தது. இவர் வளைவுக்கு வளைவு உடம்பைச் சாய்த்தார். இரண்டு கட்டை விரலும் வேகமாக ஆடின. "இந்தா, முந்திட்டேன்! இந்தா, இவனையும் முந்திட்டேன்!" பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். அய்யாத்துரை, "நம்ம ஆளுக்கு இம்புட்டுத் திறமையா!" என்று வியந்தார். நடுவில் ஒரு முறை மாப்பிள்ளை மூக்கைச் சொறிய ஒரு கையை எடுத்தார். அப்போதும் கார் பிசகாமல் வளைவு திரும்பியது. இந்தக் காலத்து மெஷின், அதுவே திரும்பிக்கொள்ளும் போல என்று நான் நினைத்தேன்.

திடீரென்று கார் காணாமல் போனது. டிவி முழுக்க ஒரு வயசான அம்மாள், மாடிப்படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "படி ஏற முடியலையா? கவலையை விடுங்கள்!" என்றது ஒரு குரல். மூட்டுவலித் தைலத்துக்கு விளம்பரம்.

மாப்பிள்ளையின் விரல்கள் இன்னும் கொஞ்ச நேரம் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தன. பழக்கதோஷம்.

அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏலே, மாத்திராத! அந்தத் தைலத்து பேரு என்னன்னு பாத்துக்கிறேன்."

ஷீபா சேச்சி முன்னால் வந்து டிவியை உற்றுப் பார்த்தார். "எந்தா வேலு, இது யூடியூப் அல்லே? என்டெ மோன் எப்பவும் விளையாடும். நடுவுல விளம்பரம் ஒண்ணும் வராதே."

அந்தம்மா கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்டார். யாரோ ஆடிய ஆட்டத்தை யூடியூபில் ஓட விட்டு, அதற்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்யாத பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தார் மாப்பிள்ளை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. அய்யாத்துரைக்கு மட்டும் கொஞ்சம் தாமதம்.

"அப்ப இம்புட்டு நேரம் காரை ஓட்டுனது யாரு?" என்று கேட்டார்.

மாப்பிள்ளையின் முகம் எந்த நிறத்தில் இருந்தது என்று சொல்ல முடியவில்லை. விளக்குகள் பச்சை, ஊதா என்று மாறிக்கொண்டிருந்தன. எழுந்தார். தொண்டையைச் செருமினார். சிரித்து ஒப்புக்கொண்டிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும், ஊரும் நாலு நாள் சிரித்துவிட்டு விட்டிருக்கும். அவர் என்னைக் கைகாட்டினார்.

"மச்சான் வயரிங்ல ஏதோ மாத்தி விட்டாக போல. ஒரு லைன் இன்னொரு லைன்ல கலந்துருச்சு."

இருபது வருஷமாக வயர் இழுக்கிறேன். வயர் மாற்றிக் கொடுத்தால் பியூஸ் போகும், மோட்டார் புகையும். தைல விளம்பரம் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கூட்டத்துக்கு நடுவே தங்கை நின்றாள். அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். ஷீபா சேச்சி, "சாரமில்ல வேலு, சாரமில்ல" என்று, பரவாயில்லை என்கிற மாதிரி அவர் தோளைத் தட்டிவிட்டுக் கீழே இறங்கினார். அந்தத் தட்டுதான் மாப்பிள்ளையை ரொம்பச் சுட்டது என்று அனுசுயா பிறகு சொன்னாள்.

அதன் பிறகு அந்த அறை பூட்டிக் கிடந்தது. பத்திரிகை வைக்க வந்தவர்கள் பத்திரிகையை வைத்துவிட்டு நிம்மதியாகத் திரும்பினார்கள். கடையில் யாராவது கார் பேச்செடுத்தால் மாப்பிள்ளை எடைத் தராசுப் பக்கம் போய்விடுவார். ஒரு நாள் அனுசுயாவிடம், "நீ பழையபடி மாடியிலயே தைச்சுக்க. ஜன்னல்ல பெயிண்டைச் சுரண்டச் சொல்லிடுறேன்" என்றாராம்.

"எனக்கு அங்கன வேலை இருக்கு. ரெண்டு பிள்ளைகளை வேலைக்கு வச்சிருக்கேன். ரோட்டு மேல கடைன்னா வர்ற ஆளும் ஜாஸ்தி. நீங்க உங்க ரூமை வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை, அந்த வீட்டில் வாங்கியதை வைத்து வேலை செய்யத் தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான்.

போன வாரம் ஏசி மறுபடியும் டிரிப் ஆகிறது என்று அத்தை போன் செய்தார். பூட்டிய அறையில் ஏசி எதற்கு ஓடுகிறது என்று யோசித்துக்கொண்டே மத்தியானம் போனேன். மாடிக் கதவு லேசாகத் திறந்திருந்தது. விளக்கு ஒன்றும் எரியவில்லை. மாப்பிள்ளை நாற்காலியில் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். டிவியில் கார் சுவரில் மோதியது. பின்னால் வந்தது, மறுபடியும் அதே சுவரில் மோதியது. திரும்பத் தெரியாமல் புல்லில் ஏறி, ஒரு வேலியை உடைத்துக்கொண்டு கடலுக்குள் விழுந்தது. மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

ஒரு நொடி அந்த மனுஷனைப் பிடிக்கக்கூடச் செய்தது. அப்படியே திரும்பிப் போயிருப்பேன். கையிலிருந்த டெஸ்டர் கதவில் பட்டுவிட்டது.

என்னைப் பார்த்ததும் சிரிப்பு அணைந்துபோனது. கையிலிருந்ததைத் தரையில் போட்டார். டிவியை நிறுத்தினார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து நின்று, அலமாரியிலிருந்து விளக்கு ரிமோட்டை எடுத்தார்.

"மச்சான், வாங்க வாங்க. இதுல புதுசா ஒரு கலரு கண்டுபிடிச்சேன், நீங்க பாக்கலையே? இங்கன நில்லுங்க."

"நான் பிரேக்கரைப் பாக்க வந்தேன் மாப்ள" என்றேன்.

அவர் அதற்குள் ஆரஞ்சு நிறத்தைப் போட்டுவிட்டு, நான் வாயைப் பிளக்கக் காத்துக்கொண்டிருந்தார். நான் ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, பிரேக்கரைக் கழற்ற ஆரம்பித்தேன்.