பதினெட்டு நாள் வரவில்லை

எழுபதுகளில் தம்பானூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பேரலல் காலேஜில் நான் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காதவர்கள் பிரைவட்டாகப் பரீட்சை எழுதப் படிக்கிற இடம். ஓலைக்கூரை, அரைச்சுவர். சேருகிறபோது கூட்டம் அலைமோதும். ஓணம் லீவு முடிந்து திறந்தால் பாதி பெஞ்சு காலி.

பிள்ளைகள் நின்றுபோகாமலிருக்க வழி சொல்லுங்கள் என்று பிரின்சிபால் கேட்டார். முந்திரிக்கொட்டையாக நான்தான் வாயைத் திறந்தேன். காலை பத்துக்கு, முதல் மணியில் பேர் கூப்பிட்டதும் கதவைச் சாத்திவிட வேண்டும். அப்போது உள்ளே இல்லாதவருக்கு அன்று முழுக்க ஆப்சென்ட். மாதக் கடைசியில் கணக்கெடுத்து வீட்டுக்கு ஒரு தபால் கார்டு. ‘தங்கள் மகன் அல்லது மகள் இந்த மாதம் இத்தனை நாள் வகுப்புக்கு வரவில்லை’ என்று மலையாளத்தில் அச்சடித்த கார்டுகள் வந்தன. நாட்களை நிரப்பிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அப்போது எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வகுப்பில் ஒரு பெண். வித்துராவுக்கும் மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்களின் மகள். அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து காலேஜுக்கு வந்த முதல் ஆள். விடியுமுன் மலையிறங்கி, வித்துராவில் பஸ் பிடித்து வருவாள். பாவாடை விளிம்பு எப்போதும் சேறாக இருக்கும். வகுப்பில் கேள்வி கேட்கிற ஒரே ஜீவன் அவள்தான்.

“இன்னிக்கும் லேட்டாம்மா?”

“பஸ்ஸு தம்பானூர் எத்தும்போளே பத்தேகால் ஆயிடுது சார். அதுக்கு முன்ன வேற பஸ் இல்ல.”

“எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்.”

அவள் அரைச்சுவருக்கு வெளியே வராந்தாவில் நின்று, சுவர்மேல் நோட்டை வைத்து, முதல் மணி முழுக்க எழுதிக்கொள்வாள். இரண்டாம் மணிக்கு உள்ளே வந்து மாலைவரை இருப்பாள். அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டேதான் நான் பாடம் நடத்தினேன். மாதக் கடைசியில் அவள் வீட்டுக்கான கார்டில் பதினெட்டு என்று நிரப்பினேன்.

அதற்கடுத்த வாரம் அவள் வருவது நின்றது. சரி, இதுவும் ஓணத்தோடு உதிர்கிற ரகம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மாதம் இன்னொரு கார்டு போனது. இதற்குள் முதல் மணிக்கு பெஞ்சுகள் நிறையத் தொடங்கியிருந்தன. பிரின்சிபால் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பிறகு ஒருநாள் அவளுடைய அப்பா வந்தார். சேரும்போது கொடுத்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைத் திரும்ப வாங்கிப்போக வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஏன் நிறுத்திட்டீங்க? நல்லாப் படிக்கிற பொண்ணு.”

அவர் சட்டைப்பையிலிருந்து இரண்டு கார்டுகளையும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“எங்களுக்கு வார கடுதாசி எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் சார் வரும். காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுக்கு நிக்கும்போ, கூப்பிட்டு முடிச்சதும் கிளார்க்கு வாசிச்சுக் குடுப்பாரு. எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. பதினெட்டு நாளு கிளாசுக்குப் போகலன்னு எல்லார் முன்னாலயும் சத்தமா வாசிச்சாரு. இவ தினமும் இருட்டுலயே எறங்கிப் போறாளே, அப்ப எங்க போறான்னு ஜனங்க கேக்காதா? அவ சொன்னதை யாரு நம்புனா? நானே நம்பல.”

அவள் ஒரு நாள்கூட வராமலிருந்ததில்லை, பஸ்தான் லேட், வெளியே நின்றே பாடத்தை எழுதிக்கொள்வாள் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

அவர் கார்டுகளை என் பக்கம் தள்ளினார்.

“அதை இந்தக் கார்டுல ஒரு வரி தமிழ்ல எழுதப்பிடாதா சார்? நீங்களும் தமிழ்தானே?”

இப்போதே எழுதித் தருகிறேன், அதே இடத்தில் வாசிக்கச் சொல்லுங்கள் என்றேன். அவர் தலையசைத்து மறுத்தார்.

“இனி வாசிச்சு என்ன சார். அவ பேரையும் தோட்டத்துல பதிஞ்சாச்சு. இப்ப அவளும் பெரட்டுல நிக்கா. ஒரு நாளும் லேட்டில்ல.”

புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். வெட்கமாக இருந்தது. அவர் அதை வேட்டி மடிப்பில் பத்திரமாகச் செருகிக்கொண்டு, எனக்குக் கும்பிடும் போட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு இன்னும் என்னை உறுத்துகிறது.

விலகுகிறவர்களுக்கென்று ஒரு ரெஜிஸ்டர் இருந்தது. அதில் கடைசிக் கட்டம், காரணம். என் பெயரை எழுத அங்கே தாராளமாக இடம் இருந்தது. ‘குடும்பச் சூழ்நிலை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.