ஐந்து ரன் முன்னால் நின்றால் நான் சிங்கம்

போன சனிக்கிழமை மத்தியானம் என் மனைவி நிரஞ்சனா ஒரு தாளைக் கொண்டுவந்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மறுநாள் எங்கள் சொஃப்ட்போல் லீக்கின் இறுதி ஆட்டம்.

"இஞ்ச, இதைப் பாத்திட்டுச் சாப்பிடுங்கோ."

பார்த்தேன். அதற்குப் பிறகு எங்கே சாப்பிடுவது!

கனடாவில், மில்லிக்கனில் எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அணி இருக்கிறது. ஆண்களும் பெண்களும் கலந்து, தொப்பை உள்ளவர்களும் இல்லாதவர்களும் கலந்து. ஸ்கோர் எழுதுவது நிரஞ்சனா. இந்தக் கோடையில் நான் அடித்தது பதினொரு ஹோம் ரன். பந்து வேலிக்கு வெளியே போகும். நான் கையை ஆட்டிக்கொண்டு நாலு பேஸையும் மெல்லச் சுற்றி ஓடி வருவேன்; ஒரு சுற்று வந்தால் ஒரு ரன். எங்கள் அணியின் யூட் அண்ணை அடித்ததோ நாலே நாலு. ஐம்பத்திரண்டு வயது, ஸ்கூல் பஸ் ட்ரைவர், அதிகம் பேசமாட்டார்.

ஒவ்வொரு ஹோம் ரன்னுக்கும் பக்கத்தில் நிரஞ்சனா ஒன்றைக் குறித்திருந்தாள் – பந்து பறந்த நேரம் ஸ்கோர் என்ன? என்னுடைய பதினொன்றில் ஒன்பது, நாங்கள் ஐந்து ரன்னுக்கு மேல் முன்னால் நின்றபோது அடித்தவை. அண்ணையின் நாலும்... தோற்றுக்கொண்டிருந்த ஆட்டங்களைத் திருப்பிப் போட்டவை.

"இதைத்தான் கிளட்ச் எண்டு சொல்லுறது. நெருக்கடி வரேக்க ஆர் அடிக்கிறது?"

"அப்ப நான்?"

"வெல்லுற மட்ச்சில நீங்கள் நல்லா அடிக்கிறியள்."

இருபது வருஷ இல்லறத்தில் எனக்கு இப்படி ஓர் அடி விழுந்ததில்லை!

அந்தத் தாளின் படம் ஏற்கெனவே கோச் தர்ஷினியின் ஃபோனுக்கும் போய்விட்டது. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. ஞாயிறு காலை என்னிடம் வந்தாள்.

"சொறி அங்கிள்... நம்பர்ஸ் டோன்ட் லை. யூட் அங்கிள் நாலாவதா அடிக்கட்டும். நீங்க அஞ்சாவது, ஓகே?"

நாலாவது இடம் அணியின் பெரிய அடிகாரருக்கு உரியது. சிரிப்பை முகத்தில் ஒட்டிக்கொண்டு தலையாட்டினேன்.

கடைசி இன்னிங்ஸ். ஒரு ரன் பின்னால் நிற்கிறோம். இரண்டு பேர் அவுட்; இன்னும் ஒருவர் போனால் ஆட்டம் முடிந்தது. இரண்டாவது பேஸில் எங்கள் ஆள் ஒருவர். யூட் அண்ணை மட்டையோடு வருகிறார். எங்கள் பக்கம் ஒரே கூச்சல்!

எதிரே ஒஷாவா அணி. அவர்களுடைய பிச்சர் என்ன செய்தார் தெரியுமா? நாலு பந்தையும் வேண்டுமென்றே எட்டாத தூரத்தில் எறிந்தார். அப்படி எறிந்தால் அடிப்பவர் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். அதாவது, இவர் வேண்டாம், அடுத்த ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று அர்த்தம்.

அடுத்த ஆள் – நான்!

அவர்களுக்கு நிரஞ்சனாவின் தாள்கூடத் தேவைப்படவில்லை.

கால் நடுங்கியது. முதல் பந்துக்கு வீசினேன்... காற்று. இரண்டாவது... அதுவும் காற்று. மூன்றாவது மட்டையின் நுனியில் பட்டு, இரண்டு பேருக்கு நடுவால் புல்லில் விழுந்து, வேலி மூலைக்கு உருண்டது. இரண்டாவது பேஸில் நின்றவர் ஓடி வந்துவிட்டார். சமநிலை!

பின்னால் பார்த்தால் யூட் அண்ணை, நோகிற முழங்காலோடு மூன்றாவது பேஸையும் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறார்!

"ஓடுங்கோ அண்ணை! ஓடுங்கோ!" ஸ்கோர் புத்தகத்தை எறிந்துவிட்டு நிரஞ்சனா கத்துகிறாள். பந்தும் அண்ணையும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். அண்ணை விழுந்து, கடைசி பேஸைக் கையால் தொட்டார்.

சேஃப்! கோப்பை எங்களுக்கு!

யார் நெருக்கடியில் அடிப்பார் என்று அளக்கலாம், தப்பில்லை. அளந்தது சரியும்கூட. ஆனால் நடுங்குகிற காலோடும் ஒரு பந்தைத் தொட முடியும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

புழுதியில் மல்லாந்து கிடந்த அண்ணையைத் தூக்கக் கை நீட்டினேன். அவருக்கு மூச்சு வாங்கியது.

"அடுத்தமுறை வேலிக்கு மேலால அடியும் ஐசே... என்னால ஓட ஏலாது."