கங்காணி கையில் கொடுத்த சாவி

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதம். கம்பத்தில் இருந்து மலைமேல் இருக்கும் ஏலக்காய்த் தோட்டத்துக்கு, காய் எடுக்கும் பெண்களைத் தினமும் காலையில் ஜீப்பில் ஏற்றிப் போவேன். இன்றும் எனக்கு அதே வேலைதான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். மேலே இருப்பவர்கள் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொரிந்து தள்ளுவேன்.

வண்டியின் முன்சீட்டு கங்காணிக்கு மட்டும். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிறவர் அவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவர் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். பின்னால் பதினாறு பெண்கள் ஒருத்தி மடியில் ஒருத்தியாக நசுங்கி வருவார்கள். அதுதான் வழக்கம். யாரும் கேட்டதில்லை, நானும்தான்.

ஒரு நாள் நல்ல மழை. கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது பாரம் இழுத்து வண்டி பின்னால் வழுக்கியது. பின்சக்கரம் ரோட்டோரக் கல்லில் இடித்து நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் பள்ளம்.

"அண்ணே, தொட்டிலாட்டாதீக, தூக்கம் வருது" என்று பின்னால் சிரிப்பு. அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கங்காணிக்குத் தெரியும். முகம் வெளுத்துப்போய், "வெளிய சொல்லாத" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் ஒரு முடிவுக்கு வந்தேன். 'பத்துப் பேருக்கு மேல ஏத்த மாட்டேன்.' இந்த ஒரே வரியை வண்டிக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

மறுநாள் கங்காணி இன்னும் மூன்று பெண்களைக் கூட்டி வந்தார். "காய் பழுத்துக் கெடக்கு. எல்லாரையும் ஏத்து. ம், எடு வண்டிய" என்றபடி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

வாயைத் திறந்தேன். பழகிய வரி வரவில்லை.

"என்னலே முழிக்கிற? வயித்தக் கலக்குதா?"

சாவியை உருவிக்கொண்டு இறங்கினேன். வண்டியைச் சுற்றிப் போய் அதை அவர் உள்ளங்கையில் வைத்தேன். எனக்கே நம்ப முடியவில்லை. அவருக்கு சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. சாவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாளையில இருந்து ஒனக்கு வேலை கெடையாது!" என்று கத்தினார். மகள் அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் சாவியைத் திரும்ப வாங்கவில்லை.

"என்னண்ணே ஆச்சு?" என்று பின்னால் இருந்து ஒரு பெண் கேட்டாள். அவளிடம் பேச்சு வந்தது. "நேத்து நான் தொட்டிலாட்டலத்தா. பள்ளத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவுல ஒத்தக் கல்லுதான் இருந்துச்சு."

 பிறகு அவளே ஆரம்பித்தாள். "அப்ப இன்னைக்குக் கங்காணியே ஓட்டுவாக. உக்காருங்கடி, நேரா மேலோகம் போயிரலாம்!" எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒவ்வொருத்தியாக இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

வண்டி வரவில்லையே என்று முதலாளி போன் செய்தார். "டிரைவர் தகராறு பண்றான் மொதலாளி" என்று சொல்லி, கங்காணி போனை என் கையில் திணித்தார்.

"பத்துப் பேருக்கு மேல ஏத்த மாட்டேன் மொதலாளி." வந்துவிட்டது! கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. எதிரே டீக்கடையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதுவரைக்கும் எத்தன பேர ஏத்துன?"

"பதினாறு. இன்னைக்குப் பத்தொம்பது."

"பத்தொம்பதா! வண்டி உருண்டா யாரு பதில் சொல்றது?" என்றார். "ரெண்டு நடையா கூட்டியா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கங்காணி சாவியை நீட்டினார். முன்சீட்டில் அந்த வாயாடிப் பெண் ஏறிக்கொண்டாள். "கங்காணி, நீங்க ரெண்டாவது நடைக்கு வாங்க. டீ குடிச்சிட்டு இருங்க" என்று கையாட்டினாள். அந்த வளைவில் எதிரே எந்த வண்டியும் வரவில்லை, ஆனாலும் நான் ஹாரனை நீளமாக அடித்தேன்.

இப்போதும் பெரிய மனிதர்கள் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கல்லைத் தாண்டும் ஒவ்வொரு காலையிலும், பத்துப் பேரோடு லேசாக ஏறும் வண்டி, என்னாலும் ஒரு தடவை முடிந்தது என்பதை எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கிறது.