எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை

போன வாரம் காரை சர்வீசுக்கு விட்டிருந்தேன். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நமக்கு ஏசி, சோபா, காகிதக் கப்பில் காபி. அந்தப் பக்கம் நம் கார், ஆபரேஷனுக்குப் படுத்த ஆள் மாதிரி லிஃப்டில் தொங்கிக்கொண்டிருக்கும். நாம் உள்ளே போகக் கூடாது. போய்த்தான் என்ன செய்யப் போகிறோம்? டை கட்டிய தம்பி ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, புது மாடலை வாங்க வைக்கும் உத்தேசத்தோடு அதன் அருமை பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதவு அதுவே பூட்டிக்கொள்ளும், விளக்கு அதுவே எரியும் என்று வரிசையாகப் போய், "ஆயில் பிரஷர் போச்சுன்னா நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம் சார், வண்டியே எஞ்சின ஆஃப் பண்ணிக்கும்" என்றார்.

"அப்பச் சரி" என்றேன்.

அந்த நேரம் பார்த்து யாரோ நடுக்கதவைத் திறந்தார்கள். வடித்த பழைய ஆயிலின் சூடான வாசனை ஏசிக்குள் வந்தது. எனக்கு அந்த வாசனை வந்தால் கூடவே சுண்ணாம்பு வாசனையும் வந்தாக வேண்டும். வரவில்லை. சாம்பாரில் பெருங்காயம் விட்டுப்போன மாதிரி இருந்தது.

சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் சிநேகிதன் சிக்கந்தரின் அத்தாவுக்கு, அவர்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன், பேகம்பூர் பக்கம் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்று இருந்தது. தொழில் படுத்த பிறகு ஷாப்பும் படுத்துவிட்டது. தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழிகள் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. அதில் ஒன்று ஆள் இறங்கினால் தலை மட்டும் வெளியே தெரிகிற ஆழம். அகலம், அப்போது நான் வைத்திருந்த காரின் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் அச்சாக வரும். காரைக் குழிக்கு மேலே நிறுத்திவிட்டு ஒருவன் கீழே இறங்கினால் போதும், சென்னையில்கூட அப்போது அப்படி ஒரு வசதி எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? என்ன, மேலே ஏறி வரும்போது முழங்கையெல்லாம் சுண்ணாம்பு அரித்துச் சிவந்திருக்கும். நான் அப்போது வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் பர்ச்சேஸ் பிரிவில் இருந்தேன். திங்கட்கிழமை மேனேஜர் என் முழங்கையைப் பார்த்துவிட்டு ஒரு தோல் டாக்டரின் விலாசம் எழுதிக் கொடுத்தார்.

கார் ஒரு பழைய ஜெர்மன் கார். நாலு சிலிண்டர். கம்பெனி பேர் வேண்டாம், சொன்னால் அதை வைத்திருக்கும் யாராவது வந்து நான் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பார்கள். அந்தக் கம்பெனி இந்த நாட்டில் கடையைக் கட்டிய பிறகு, ஸ்பேர் கிடைக்காது என்று பயந்து எல்லோரும் விற்ற நேரத்தில், பயமே இல்லாதவன் போல நான் வாங்கினேன். உண்மையில் என்னைப்போலப் பயந்தாங்கொள்ளி திண்டுக்கல் ஜில்லாவில் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிக்கந்தர் குழிக்குள், நான் மேலே. அவனுக்குக் கை வரும். எனக்கு வாய் வரும். சைலன்சரை மாற்றினோம், வண்டி கிளம்பினால் மூன்று தெருவுக்குக் கேட்டது. ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்று வெட்டி வண்டியை இறக்கினோம். இறக்கிய பிறகு எஞ்சினுக்கு அடியில் இருந்த இரும்புத் தகடு ரோட்டில் உரசியது. அதைக் கழற்றிவிடலாம் என்று சொன்னது நான்தான். ஆயில் தேங்கி நிற்கும் சம்ப்புக்கு அந்தத் தகடுதான் கவசம். சம்ப்பு அலுமினியம், அடிபட்டால் நசுங்காது, பிளந்துவிடும் என்று சிக்கந்தர் சொன்னான். பார்ப்பதற்கு ரேஸ் வண்டி மாதிரி இருக்கிறதே என்று நான் சொன்னேன். கழற்றிவிட்டோம்.

அத்தா நாற்காலியைப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். தோலை வலது கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தடவு தடவினால், கோடையில் உரித்ததா மழையில் உரித்ததா என்று சொல்லிவிடும் மனிதர். என் கார் சீட்டை அதே மாதிரி தடவிவிட்டு, "எந்தச் சீமையில மேஞ்சதுப்பா இது? ரெக்சினு" என்றார். பிறகு பாவம் பார்த்து, கியர் கம்பியின் அடியில் போடும் உறைக்கு அவர் கையாலேயே ஒரு ஆட்டுத் தோல் துண்டு எடுத்துக் கொடுத்தார். வண்டியை இறக்கிய அன்று ஒரு தடவை உள்ளே ஏறி உட்கார்ந்து பார்த்தார். "கிணத்துக்குள்ள எறங்குன மாதிரி இருக்கு. இதுக்கு எதுக்குப்பா காசு குடுத்தீங்க? நாலு டயர்லயும் காத்தப் புடுங்கி விட்டா ஆச்சுல்ல?"

சிறுமலைக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மலையிலிருந்து இறங்கும்போது, வளைவில் மாட்டிக்கொண்ட பஸ்ஸுக்கு வழி விட்டு வெகு நேரம் நின்றுகொண்டிருந்தோம், நானும் என் மனைவியும். ஃபேன் ஃபியூஸ் போயிருக்கிறது, எனக்குத் தெரியாது. சூடு காட்டும் முள் மேலே மேலே போனது. வண்டி வெடிக்கப்போகிறது என்று முடிவுகட்டி, கதவைத் திறந்து ஐம்பதடி ஓடிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் மனைவி சீட் பெல்ட்டோடு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள். என் கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம். "பொண்டாட்டிய விட்டுட்டுப் பழத்தக் காப்பாத்துன ஆளு" என்று இன்றைக்கும் கல்யாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்துகிறாள்.

இதைக் கேட்டபின்தான் சிக்கந்தர் எனக்குப் பயிற்சி வைத்தான். "ஒனக்கு யோசிக்கிற வேலையே குடுக்கக் கூடாது மாப்ள. ஒன் கைக்கு மட்டும் சொல்லிக் குடுக்கணும்." மஞ்சள் விளக்கு எரிந்தால் பரவாயில்லை, வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். சிவப்பில் ஆயில் விளக்கு எரிந்தால் எங்கே இருந்தாலும் சரி, அந்த நொடியே சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். ஆயில் இல்லாமல் ஓடினால் உள்ளே இரும்பும் இரும்பும் கடித்துக்கொண்டு எஞ்சின் செத்துப்போகும். திடீர் திடீரென்று "செவப்பு" என்பான். நான் சாவியைத் திருப்ப வேண்டும். டீக்கடையில் சொல்வான், என் வலது கை காற்றில் திரும்பும், டீ சட்டையில் கொட்டும். அத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அவரும் கற்றுக்கொண்டார். பிரியாணி சாப்பிடும்போது அவர் "செவப்பு" என்று சொல்லி, நான் கறித்துண்டைக் கீழே போட்டிருக்கிறேன்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமை.

சேவுகம்பட்டியில் அத்தாவுக்கு வேண்டியவர் வீட்டு விருந்து. சிக்கந்தர் வேலை தேடி ஆம்பூர் போயிருந்தான். நான் அழைத்துப் போகிறேன் என்றேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து திரும்பி வருகிறோம். அத்தா விருந்து பிரியாணியைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். பேச்சு குழறியது. யாரையோ நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்து, நானும் அதே மாதிரி குழறிப் பேசிக் காட்டினேன். சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தால், வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கை மடியிலிருந்து நழுவித் தொங்கியது.

ஆக்சிலேட்டரை மிதித்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஒரு மில் வாசலில் புதிதாக ஒரு ஸ்பீட் பிரேக்கர் போட்டிருந்தார்கள், வெள்ளைக் கோடு இன்னும் அடிக்கவில்லை. அடியில் ஒரு சத்தம். பித்தளைக் குடத்தைக் கருங்கல்லில் போட்டது போல. வண்டி நிற்காமல் போனது. ஒரு கிலோமீட்டர் போயிருப்போம். சிவப்பு விளக்கு எரிந்தது.

என் கை சாவியைத் திருப்பியது.

ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர். ஆயில் இல்லாமல் அந்த எஞ்சின் ஆறு கிலோமீட்டர் ஓடியிருக்குமா என்றால், அநேகமாக ஓடியிருக்கும். பிறகு செத்திருக்கும், ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் போய்ச் செத்திருக்கும். காரைப் பற்றி ஒன்றுமே தெரியாத எவனும் ஓட்டிக்கொண்டே போயிருப்பான்.

வண்டி உருண்டு ஓரத்தில் நின்றது. அத்தா பாதி வாயால், "ஏம்ப்பா, போலாமே" என்றார். எனக்குப் புரிந்தது. புரிந்தும் இறங்கிப் போய் பானட்டைத் திறந்தேன். ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவி, கைக்குட்டையால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தேன். முதல் தடவை எடுத்துப் பார்ப்பது கணக்கில் சேராது, துடைத்து இரண்டாம் தடவை பார்க்க வேண்டும். அதை முறைப்படி செய்தேன். குச்சி காய்ந்திருந்தது. நூற்றெட்டுக்கு அடிக்கலாம் என்பது மறுநாள்தான் தோன்றியது. அப்போது சிக்கந்தருக்கு அடித்தேன்.

"சம்ப்பு போச்சு மாப்ள" என்றேன்.

"சாவிய ஆஃப் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்."

"நல்லவேள" என்றான்.

அதற்குப் பிறகுதான், "அத்தாவுக்கு வாய் கோணிக்கிச்சு மாப்ள, ஒரு மாதிரியா இருக்காரு" என்றேன். அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து நான் ஹலோ ஹலோ என்று கொஞ்ச நேரம் கத்திக்கொண்டிருந்தேன். லைன் போகவில்லை.

ஷிப்ட் முடிந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு மில் பஸ் வந்தது. குறுக்கே போய் நின்றேன். டிரைவர் இறங்கி வந்து அத்தாவைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

"வண்டி ஓடாதா?"

"ஓடும்ணே. ஓட்டக் கூடாது."

அவர் என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. பஸ்ஸில் மூன்று பேர் சீட்டைக் காலி செய்து அத்தாவைப் படுக்கவைத்தார்கள். ஒரு பெண் டிபன் பாக்ஸ் மூடியால் விசிறிக்கொண்டே வந்தது. ஏறும்போது நான் காரைப் பூட்டிவிட்டுத்தான் ஏறினேன், அதுவும் ஞாபகமிருக்கிறது. காரை நிறுத்தியதிலிருந்து பஸ் கிளம்பியது வரை எவ்வளவு நேரம் என்று கேட்டால், இருபத்தைந்து நிமிஷம் இருக்கலாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், பக்கவாதம் என்று தலைப்புப் போட்டு ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம் என்று போட்டிருந்தது. அதை முழுக்கப் படித்தேன், கீழே அச்சகத்தின் பேர் வரைக்கும். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார், சொன்னேன், எழுதிக்கொண்டார். அந்த இருபத்தைந்து நிமிஷம் முன்னால் வந்திருந்தால் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அந்த டாக்டர் இப்போதும் திண்டுக்கல்லில்தான் இருக்கிறார், என் சர்க்கரைக்கு அவரிடம்தான் போகிறேன். சோற்றைக் குறைக்கச் சொல்வார், சரி என்பேன், வந்துவிடுவேன்.

அத்தா பிழைத்துக்கொண்டார். நான்கு வருஷம் இருந்தார். வலது கை போய்விட்டது, பேச்சு பாதி போய்விட்டது.

கோயம்புத்தூரில் உடைத்த ஒரு வண்டியிலிருந்து சம்ப்பு வாங்கி வந்தோம். சிக்கந்தர் குழிக்குள் இறங்கினான். நான் மேலேயிருந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். அன்று முழுக்க "பத்து", "பதிமூணு", "துணி" என்பதைத் தவிர அவன் எதுவும் பேசவில்லை. நானும் ஜோக் எதுவும் அடிக்கவில்லை. எனக்கு வருத்தமாக இருந்ததா என்று கேட்காதீர்கள். பல் பிடுங்கும்முன் ஊசி போடுவார்களே, கன்னம் இருக்கும், ஆனால் இருப்பது தெரியாது. அப்படித்தான் இருந்தது. முடித்துவிட்டு மேலே வந்து முழங்கையைச் சொறிந்துகொண்டே, "நானா இருந்தாலும் ஆஃப்தான் பண்ணிருப்பேன்" என்றான். சாவியைப் போட்டோம். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாற்காலியில் இருந்த அத்தா எழுந்து வர முயன்றார், அழைத்து வந்தோம். முன் சீட்டை இடது கையால் தடவினார். கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தார். அந்த விரல்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். சிரித்தார்.

அடுத்த மாதம் ஒட்டன்சத்திரத்துக் காய்கறி வியாபாரி ஒருவருக்குக் காரை விற்றுவிட்டேன். ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, எஞ்சினு புதுசாட்டம் இருக்குதுங்க. நல்லாப் பாத்துருக்கீங்க" என்றார். ஆமாங்க என்றேன். ஆட்டுத் தோல் உறையும் அதோடு போய்விட்டது.

இந்தக் கதையை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆயில் குச்சியைத் துடைத்து இரண்டாம் தடவை பார்த்தேன் என்கிற இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். "சம்ப்பு போச்சு மாப்ள" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அதற்கு அடுத்த மூன்று வாக்கியங்களை உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

இன்றைக்கு அந்த ஷாப்பு இருந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம். குழிகளை மண்ணைப் போட்டு மூடி, மேலே சிமெண்ட் கல் பதித்து, கார் நிறுத்துகிறார்கள். எண்ணெய்க் கறை ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. ரோட்டை அகலப்படுத்தியதில் ஸ்பீட் பிரேக்கரும் போய்விட்டது. மில் வாசல்கூட எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. அந்த இடம் எது என்று இப்போது என்னால் சரியாகச் சொல்ல முடியாது.

சிக்கந்தர் ஆம்பூரோடு இருந்துவிட்டான். மாதத்துக்கு ஒரு தடவை பேசிக்கொள்கிறோம். என் மகள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து சிராய்ப்போடு தப்பித்தபோது சொன்னேன். எவனும் "நல்லவேள" என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்வான். அவன் கொஞ்சம் நின்று, "அல்லா காப்பாத்துனான்" என்றான். அன்றைக்குத்தான் கவனித்தேன், அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்கவே இல்லை. பிறகு யோசித்துப் பார்த்தால், அவனிடம் நானும் சொன்னதில்லை. பேசி வைத்துக்கொண்டதல்ல. போய்விட்டது, அவ்வளவுதான்.

சர்வீஸ் முடிந்து வந்த அன்று அவனுக்கு அடித்தேன். ஆயில் போனால் இப்போதெல்லாம் வண்டி அதுவே எஞ்சினை அணைத்துக்கொள்ளுமாம், நாம் ஒன்றும் செய்ய வேண்டாமாம் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அந்தப் பக்கம் சத்தமில்லை. இந்தத் தடவை நான் ஹலோ என்று கத்தவில்லை.

"சாப்டியா மாப்ள?" என்றான்.

சாப்பிட்டேன் என்றேன்.